பலூனில் தொடங்கிய போட்டி: துவக்கு விளையாட்டான கதை



இம்மாத உரையில் துவக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். முகம் சுழிக்க வேண்டாம். ஊரில் நாங்கள் கண்ட துவக்கைப் பற்றி அல்ல, இந்த நாட்டில் எங்கள் பிள்ளைகள் காண்கின்ற துவக்கைப் பற்றியே இந்த உரை.

1975ஆம் ஆண்டு எங்கள் சூரிச் நகரில் ஓர் உலகப் போட்டி நடந்தது. இடுப்பு உறையில் இருக்கும் பிஸ்ரலை உருவி, பல இலக்குகளை, நேரத்தோடு போட்டியிட்டுச் சுடுகின்ற போட்டி அது. எங்களில் பெரும்பாலானோர் 1983க்குப் பிறகே இங்கு வந்து சேர்ந்தோம். ஆகவே அந்தப் போட்டி எங்கள் கண்ணில் படவில்லை. இன்று அதே விளையாட்டு 100க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. ஆங்கிலத்தில் ‘பிரக்டிகல் சூட்டிங்’ என்கிறார்கள். இங்கு ஜேர்மன் மொழியில் ‘டைனமிஷஸ் ஷீசன்’ என்று சொல்வார்கள். நான் இந்த உரையில் நடைமுறைச் சூட்டுப் போட்டி என்று சொல்கிறேன்.

இதைப் பேச ஒரு காரணம் உண்டு. இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிலர் இப்படியான கழகங்களில் சேர விரும்புகிறார்கள் என்று சில பெற்றோர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். “இதென்ன அண்ணை, ஓடி ஓடிச் சுடுறாங்கள். இயக்கப் பயிற்சி மாதிரியெல்லே இருக்குது” என்று கேட்டார் ஒரு தாய். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. வரலாற்றைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மலையூரில் ஒரு கொண்டாட்டம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லொஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் கிழக்கே மலைமேல் பிக் பெயர் லேக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1950களில் அங்கு வாழ்ந்தவர் ஜெவ் கூப்பர். 1920இல் பிறந்தவர். அமெரிக்க மரைன் படையில் அதிகாரியாக இருந்து இரண்டாம் உலகப் போரைக் கண்டவர்.

அந்தக் காலத்தில் அமெரிக்க ரீவியிலும் சினிமாவிலும் கவ்போய்க் கதைகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தவர்களுக்கு, யார் விரைவாகத் துவக்கை உருவுவது என்ற விளையாட்டில் ஆசை வந்தது. நாடு முழுவதும் அது பரவியது. பெரும்பாலும் வெற்று வேட்டுத்தான். யாருடைய சத்தம் முதலில் கேட்டது என்பதே அங்கே கேள்வி. குறியில் பட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

கூப்பரும் அவருடைய கூட்டாளிகளும் அதில் ஒரு மாற்றத்தைச் செய்தார்கள். வெற்று வேட்டுக்குப் பதிலாக உண்மையான ரவை. சுமார் 7 யார் தூரத்தில் பலூன்கள். இருவர் இருவராக நிறுத்தி, யார் முதலில் பலூனை உடைக்கிறாரோ அவருக்கு வெற்றி. ஊர்க் கொண்டாட்டம் போல நடந்த அந்தப் போட்டிக்கு ‘லெதர் ஸ்லாப்’ என்று பெயர். கை போய்த் தோல் உறையில் அடிப்பதைக் குறிக்கும் பெயர் அது. ஒரு சிற்றூர், சில நண்பர்கள், கொஞ்சப் பலூன்கள். தொடக்கம் அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் போட்டியில் ஒரு முக்கியமான விடயம் இருந்தது. எப்படி நிற்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டளையும் இல்லை. அந்தக் காலத்தில் பிஸ்ரலை ஒரு கையால்தான் சுடுவார்கள். படைகளில் சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான். ஒலிம்பிக்கில் இன்றும் அப்படித்தான். கவ்போய் விளையாட்டுக்காரர்களோ இடுப்பளவில் வைத்தே சுடுவார்கள். பிக் பெயர் போட்டியில் எல்லா முறைக்கும் இடம் இருந்தது.

லொஸ் ஏஞ்சலஸ் மாவட்ட ஷெரிப் துறையில் வேலை செய்த ஜக் வீவர் என்பவர் அந்தப் போட்டிக்கு வந்தார். முதலில் மற்றவர்களைப் போலச் சுட்டுத் தோற்றார். பிறகு யோசித்தார். வேகமாகச் சுட்டுத் தவறவிடுவதைவிட, ஒரு கணம் பிந்தினாலும் பார்த்துச் சுடுவது மேல் என்று கண்டுகொண்டார். ரிவோல்வரை இரண்டு கையாலும் பிடித்து, கண் மட்டத்துக்கு உயர்த்தி, குறியைப் பார்த்துச் சுட்டார். 1959இல் அவரே வென்றார். கூப்பர் அதைக் கூர்ந்து பார்த்து, எழுதினார், கற்பித்தார். இன்று உலகில் பல பொலிஸ் பயிற்சிகளில் ‘வீவர் நிலை’ என்று சொல்லிக் கொடுப்பது அந்த மலையூர்ப் போட்டியில் பிறந்ததுதான்.

எந்தத் தளபதியும் உத்தரவிட்டு அந்த மாற்றம் வரவில்லை. ஒரு சாதாரண மனிதர், எல்லோருக்கும் பொதுவான ஒரு சோதனையில், எல்லோரும் பார்க்க நிரூபித்தார். உள்ளூர்ப் போட்டி ஒன்று செய்யக்கூடிய பெரிய வேலை அதுதான். யார் பெரியவன் என்ற வாய்ப்பேச்சுக்கு அங்கே இடமில்லை. பலூன் உடைந்ததா இல்லையா என்பது மட்டுமே கணக்கு.

நேரமும் புள்ளியும்

பலூன் போதாது என்று விரைவில் தெரிந்தது. தூரம் கூடியது. இலக்குகள் பலவாயின. மறைவுக்குப் பின்னால் நின்று சுடுதல், ரவைக்கூட்டை மாற்றிச் சுடுதல், இடம் மாறிச் சுடுதல் எல்லாம் சேர்ந்தன. அப்போது ஒரு சிக்கல் வந்தது. ஒருவர் மெதுவாகச் சுட்டு எல்லாவற்றையும் நடுவில் அடிக்கிறார். மற்றவர் வேகமாகச் சுட்டு ஓரத்தில் அடிக்கிறார். இவர்களில் யார் வென்றவர்?

அதற்குக் கண்ட வழி எளிமையானது. பெற்ற புள்ளியை எடுத்த நேரத்தால் வகுப்பது. ஒரு செக்கனுக்கு எத்தனை புள்ளி என்று பார்ப்பது. இன்றும் உலகம் முழுவதும் இதே கணக்குத்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இலக்கு அட்டையில் நடுப்பகுதிக்கு 5 புள்ளி. அதற்கு வெளியே 3. ஓரத்தில் 1. ஒரு சன்னம் இலக்கைத் தவறினால் 10 புள்ளி கழியும். ஒரு கட்டத்தில் 12 ரவைகள் சுட வேண்டும் என்று வையுங்கள். முழுப் புள்ளி 60.

முதலாமவர் 12ஐயும் நடுவில் அடித்து 60 புள்ளி பெறுகிறார். ஆனால் 15 செக்கன் எடுக்கிறார். அவருடைய கணக்கு 4.0. இரண்டாமவர் 6ஐ நடுவிலும் 6ஐ அடுத்த பகுதியிலும் அடித்து 48 புள்ளி பெறுகிறார். 10 செக்கனில் முடிக்கிறார். அவருடைய கணக்கு 4.8. மூன்றாமவர் வேகப் புலி. 7 செக்கனில் முடித்துவிட்டார். ஆனால் 4 நடுவில், 6 அடுத்த பகுதியில், 2 தவறிவிட்டது. 38இல் 20 கழிய மிஞ்சியது 18. அவருடைய கணக்கு 2.6கூட வரவில்லை.

வென்றவர் இரண்டாமவர். வேகம் மட்டும் போதாது, நிதானம் மட்டும் போதாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஆனால் தவறவிட்டவர்தான் எல்லோரிலும் கீழே போனார். ‘சுடக்கூடாது’ என்று குறித்த அட்டைகளையும் இடையிடையே நிறுத்துவார்கள். அதில் பட்டாலும் 10 புள்ளி கழியும். யாரைச் சுடக்கூடாது என்பதும் கணக்கில் ஏறுகின்ற ஒரு போட்டி. எங்களைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

சூரிச், கொலம்பியா, சோல்ஸ்பரி

கலிபோர்னியாவில் இருந்து இந்த விளையாட்டு ஐரோப்பாவுக்கும் தென்னாபிரிக்கப் பக்கமும் பரவியது. 1975இல் சூரிச்சில் நடந்த முதல் உலகப் போட்டியில் அமெரிக்கரான ரே சப்மன் வென்றார். அடுத்த ஆண்டு ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகரில் நடந்தபோது நோர்வே வீரர் ஒருவர் வென்றார்.

நாட்டுக்கு நாடு விதிகள் வேறாக இருந்ததால், 1976 மே மாதம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், கொலம்பியா என்ற ஊரில் சுமார் 40 பேர் கூடினார்கள். அங்கே உருவானதுதான் அனைத்துலக நடைமுறைச் சூட்டுக் கூட்டமைப்பு. கூப்பரே முதல் தலைவர். அதற்கு அவர்கள் வைத்த இலத்தீன் மகுட வாக்கியத்தில் மூன்று சொற்கள்: துல்லியம், வலு, வேகம். வேகம் கடைசியில்தான் வருகிறது.

இனி ஒரு கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1977இல் உலகப் போட்டி நடந்த இடம் ரொடீசியாவின் சோல்ஸ்பரி. இன்றைய சிம்பாப்வேயின் தலைநகர் ஹராரே. அப்போது அங்கே சிறுபான்மை வெள்ளையர் ஆட்சி. ஐக்கிய நாடுகள் சபை தடை விதித்திருந்தது. நாட்டுக்குள் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. போர் நடக்கும் மண்ணில், ஒரு பக்கத்தாரின் தலைநகரில், துவக்குப் போட்டி நடந்தது. அந்த நாட்டுக் கறுப்பின மக்களின் காதுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே ‘இது வெறும் விளையாட்டு, போருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை’ என்று யாராவது சொன்னால் அது முழு உண்மை அல்ல. கூப்பர் இதை ஒரு போர்க்கலை என்றுதான் நினைத்தார். தற்காப்புக்கான பயிற்சி என்பதே அவர் எண்ணம். பின்னாளில் வீரர்கள் போட்டிக்கென்றே தனியாகச் செய்த துவக்குகளோடு வந்தபோது, இது விளையாட்டாகிப் போய்விட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டார். 2006இல் அவர் இறந்தார். ஆனால் அவர் குறையாகக் கண்டதைத்தான் நான் நல்லதாகக் காண்கிறேன். அவர் தொடங்கியது அவர் கையை விட்டுப் போய், விளையாட்டாகவே ஆகிவிட்டது. மனித உருவம் போன்ற இலக்கை விரும்பாத நாடுகளுக்காக எண்கோண வடிவில் தலையில்லாத அட்டை வந்தது. ‘கொம்பாற்’ என்ற சொல் பின்னுக்குப் போய், ‘நடைமுறை’, ‘டைனமிக்’ என்ற சொற்கள் முன்னுக்கு வந்தன.

பிஸ்ரலில் தொடங்கியது பிறகு ரைபிளுக்கும் ஷொட்கன்னுக்கும் விரிந்தது. ரைபிளுக்கான முதல் உலகப் போட்டி 2017இல்தான், மொஸ்கோவுக்கு அருகே நடந்தது. ரைபிளின் சன்னம் மிகத் தூரம் போகும். அதற்கு ஏற்ற திடல் கிடைப்பதும் கடினம். பல இடங்களில் பிஸ்ரல் போட்டிகள் கூடுதலாகவும் ரைபிள் போட்டிகள் குறைவாகவும் நடப்பதற்கு அது ஒரு காரணம்.

ஓர் உள்ளூர்ப் போட்டி எப்படித் தொடங்குகிறது

நான் ஒரு முறை கழகம் ஒன்றின் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். முதல் வெடி கேட்டபோது, காதுக்குக் கவசம் போட்டிருந்தும் என் தோள் தானாகச் சுருங்கியது. எத்தனை ஆண்டு போனாலும் உடம்பு மறக்காது போலும். ஆனால் கொஞ்ச நேரத்தில் வேறொன்று என் கவனத்தை இழுத்தது. அங்கே பெரும்பாலான நேரம் யாரும் சுடுவதே இல்லை. அட்டையில் துளைகளை எண்ணுகிறார்கள். கடுதாசி ஒட்டித் துளையை மூடுகிறார்கள். மரச் சட்டங்களைத் தூக்கி வைக்கிறார்கள். பத்து செக்கன் சுடுவதற்குப் பத்து நிமிட வேலை. சுட்டவரும் அடுத்தவருக்காக ஒட்ட வேண்டும்.

இப்படி ஒரு போட்டியை ஓரூரில் தொடங்க விரும்புகிறவர்கள் முதலில் தேடுவது துவக்கை அல்ல, மண்ணை. சன்னத்தைத் தாங்கி நிறுத்தும் உயர்ந்த மண் அணை பின்னாலும் பக்கங்களிலும் வேண்டும். அணைக்கு வெளியே ஒரு சன்னமும் போகக்கூடாது. பிறகு அயலவரின் காது. சுவிஸில் சூட்டுத் திடல்களுக்குச் சத்தக் கட்டுப்பாட்டு விதிகள் உண்டு. எந்த நாளில், எத்தனை மணிவரை என்று எழுதி வைத்திருப்பார்கள். அடுத்தது ஈயம். ஆண்டாண்டாகச் சுட்ட ஈயம் மண்ணில் சேர்ந்து நஞ்சாகும். அதை அள்ளிச் சுத்தம் செய்வதற்குப் பெரும் பணம் வேண்டும். காப்புறுதி, அனுமதி, கழக யாப்பு எல்லாம் இவற்றுக்குப் பிறகு.

நிலம் கிடைத்தால் அடுத்தது ஆட்கள். பயிற்சி பெற்ற திடல் நடுவர்கள் இல்லாமல் ஒரு ரவையும் சுட முடியாது. சுடுபவர் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு நடுவர், கையில் ரைமரோடு நடப்பார். அது ஒலி எழுப்பித் தொடங்கும். கடைசி வெடியைக் கேட்டு நேரத்தை நிறுத்தும். நடுவரின் கட்டளைகள் ஒரே ஒழுங்கில் வரும். ரவை ஏற்று. ஆயத்தமா. பொறு. பிறகு ஒலி. முடிந்ததும், ரவையை இறக்கிக் காட்டு. காலி என்றால் உறையில் வை. திடல் காலி. அந்தக் கடைசிச் சொல் வரும்வரை ஒருவரும் இலக்குப் பக்கம் அடி வைக்க மாட்டார்கள்.

பிறகு கட்டங்களை அமைக்க வேண்டும். பிஸ்ரல் போட்டியில் சிறிய கட்டத்துக்கு அதிகபட்சம் 12 ரவை, நடுத்தரத்துக்கு 24, பெரியதற்கு 32. சுடுபவர் எங்கே நின்று, எந்த ஒழுங்கில் சுடுவது என்பதைத் தானே தீர்மானிக்கலாம். பலூன் காலத்துச் சுதந்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் குழல் பாதுகாப்பான திசையில் இருக்கும்படி கட்டத்தை அமைப்பது அமைப்பாளரின் கடமை. ஒரு நல்ல கட்டத்தை வரைய ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இனி விதிகள். துவக்கின் குழல் முன்பக்க அணையை விட்டுப் பக்கவாட்டு எல்லையான 90 பாகையைத் தாண்டித் திரும்பினால் போட்டி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஓடும்போதோ ரவைக்கூடு மாற்றும்போதோ விரல் விசையில் இருந்தாலும் அதே தண்டனை. துவக்கு கை நழுவி விழுந்தாலும் அதே தண்டனை. விழுந்த துவக்கை அவரே குனிந்து எடுக்கவும் கூடாது. நடுவர்தான் எடுப்பார். உலக வீரர் என்றாலும் கழகத் தலைவர் என்றாலும் விலக்கு இல்லை. சுட்ட புள்ளி முழுவதும் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று. துவக்கை எடுத்துச் சரிபார்க்கவென்று ஒரு தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். அங்கே துவக்கைத் தொடலாம், ரவையைத் தொடக்கூடாது. மற்ற இடங்களில் ரவையைத் தொடலாம், துவக்கைத் தொடக்கூடாது. இரண்டும் ஒரு மனிதனின் கையில் ஒன்றுசேர்வது நடுவரின் கண்முன்னே, அவருடைய சொல்லுக்குப் பிறகு மட்டுமே. ரைபிள் என்றால், உள்ளே ரவை இல்லை என்று காட்டும் ஒரு வண்ணக் கொடி எப்போதும் செருகியிருக்க வேண்டும்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு எங்கள் ஊர்ச் சந்திகள் நினைவுக்கு வந்தன. அங்கே துவக்கும் ரவையும் சேர்ந்தேதான் நின்றன. குழல் எந்தப் பக்கம் திரும்பலாம் என்பதற்கு எல்லை இருக்கவில்லை. விசையில் விரல் இருக்கிறதா என்று நாங்கள் நிமிர்ந்து பார்க்கவும் பயந்தோம். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு என் பதிலின் முதற்பாதி இதுதான். தோற்றம் ஒன்றாக இருக்கலாம். வேறுபாடு, துவக்கு வைத்திருப்பவனை நிறுத்தக்கூடிய ஒருவர் அருகில் இருக்கிறாரா என்பதில் இருக்கிறது.

சட்டம் பூட்டிய கதவுகள்

ஆனால் திடலுக்குள் உள்ள விதி மட்டும் போதுமா? போதாது என்று வரலாறு சொல்கிறது.

1996 மார்ச் 13ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் என்ற சிற்றூரில் ஒருவன் ஆரம்பப் பாடசாலைக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கையில் இருந்தவை அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்த கைத்துவக்குகள். அடுத்த ஆண்டு, 1997இல், பிரித்தானியா இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்து கைத்துவக்குகளை ஏறக்குறைய முற்றாகத் தடை செய்தது. அங்கே நடைமுறைப் பிஸ்ரல் போட்டி ஒரேயடியாக நின்றது. கழகங்கள் ரைபிளுக்கும் ஷொட்கன்னுக்கும் மாறின.

அதே 1996 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். அரசு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துவக்குகளை மக்களிடம் இருந்து வாங்கி அழித்தது. கனடாவில் 2022 ஒக்ரோபரில் கைத்துவக்கு வாங்குவதும் விற்பதும் முடக்கப்பட்டன. 2023 டிசம்பரில் அது சட்டமாகவே வந்தது. ஒலிம்பிக் வகைப் போட்டியாளர்களுக்கு விலக்கு உண்டு, நடைமுறைப் போட்டியாளர்களுக்கு இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை இன்று இந்த விளையாட்டைப் புதிதாகத் தொடங்கத் தனக்கென்று ஒரு பிஸ்ரலை வாங்க முடியாது.

சுவிஸிலும் அந்தக் காயம் உண்டு. 2001 செப்ரெம்பர் 27ஆம் திகதி சூக் கன்டோன் பாராளுமன்றத்துக்குள் புகுந்த ஒருவன் 14 அரசியல்வாதிகளைக் கொன்றான். படைத் துவக்குகளை வீடுகளில் வைத்திருக்கக்கூடாது என்ற மக்கள் முன்மொழிவு 2011 பெப்ரவரியில் வாக்கெடுப்புக்கு வந்து, 56.3 வீதத்தினரால் நிராகரிக்கப்பட்டது. ஆனால் 2019 மே 19ஆம் திகதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான விதிகளை ஏற்பதற்கு 63.7 வீதத்தினர் ஆம் என்றார்கள். பெரிய ரவைக்கூடு உள்ள அரைத் தானியங்கித் துவக்கு வாங்கும் விளையாட்டு வீரர், தான் கழக உறுப்பினர் என்றோ ஒழுங்காகச் சுடுகிறவர் என்றோ 5 ஆண்டு கழித்தும் 10 ஆண்டு கழித்தும் காட்ட வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். உள்ளூர்ப் போட்டி என்பது கழகத்தின் சொத்து அல்ல. அயலவர்கள் கொடுத்து வைத்திருக்கும் நம்பிக்கை. அது உடைந்த நாளில் கதவு மூடப்படும். தவறே செய்யாத கழகத்துக்கும் சேர்த்துத்தான் மூடப்படும். துவக்கு விளையாட்டுக்காரர்கள் இதை அநியாயம் என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அப்படிச் சொல்ல மாட்டாள். இரு பக்கத்தையும் கேட்டுத்தான் ஒரு நாடு முடிவெடுக்கிறது. நாங்கள் அப்படிக் கேட்கப்படாத மண்ணில் இருந்து வந்தவர்கள்.

சுவிஸ் மண்ணும் எங்கள் கடவுச்சீட்டும்

இந்த நாட்டில் சூட்டுப் போட்டி என்பது ஊர்த் திருவிழா மாதிரி. 1824இல் ஆராவ் நகரில் முதல் சுவிஸ் கூட்டாட்சிச் சூட்டு விழா நடந்தது. தனித்தனியாக இருந்த கன்டோன்களை ஒரே நாடு என்று உணர வைத்ததில் அந்த விழாக்களுக்குப் பங்கு உண்டு. இன்றும் ஆண்டுதோறும் நடக்கும் ‘பெல்ட்ஷீசன்’ விழாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 300 மீற்றரில் ரைபிளாலும், 25 அல்லது 50 மீற்றரில் பிஸ்ரலாலும் 18 ரவைகள் சுடுகிறார்கள். கட்டணம் இல்லை. சூரிச்சில் செப்ரெம்பரில் நடக்கும் ‘க்னாபன்ஷீசன்’ விழாவை எங்கள் பிள்ளைகளுக்கு ராட்டினம் சுற்றும் விழாவாகத் தெரியும். அதன் நடுவில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கான சூட்டுப் போட்டி நடக்கிறது. 1991 முதல் பெண்பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. இவையெல்லாம் ஓரிடத்தில் படுத்தோ நின்றோ சுடும் போட்டிகள். நடைமுறைப் போட்டி இவற்றுக்குப் பக்கத்தில் வளர்ந்த இளைய தம்பி.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவில் சில நாடுகளின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அந்த நாடுகளின் குடிமக்கள் துவக்கு வாங்குவதும் வைத்திருப்பதும் மட்டுமல்ல, துவக்கால் சுடுவதும் தடை. துருக்கி, சேர்பியா, கொசோவோ, அல்பேனியா போன்ற நாடுகளோடு அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தோம் என்பதை அது கேட்பதில்லை. எந்த நாட்டுக் குடியுரிமை என்பதைத்தான் கேட்கிறது. விளையாட்டு நிகழ்வுகளில் பங்குபற்றுவோருக்குக் கன்டோன் விதிவிலக்காக அனுமதி கொடுக்கலாம். ஆனால் அதை முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும்.

ஆகவே எங்கள் வீடுகளில் ஒரு விசித்திரம் நடக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டோடு இருக்கும் தகப்பன் திடலில் ஒரு ரவை சுட்டாலும் சட்டத்தை மீறியவர். சுவிஸ் குடியுரிமை பெற்ற மகனோ படைப் பயிற்சி முடித்து, அரசு கொடுத்த துவக்கோடு புகைவண்டியில் வீட்டுக்கு வருகிறான். தகப்பன் எதைக் கண்டு ஓடிவந்தாரோ அது மகனின் அலுமாரியில் இருக்கிறது. வீட்டில் ரவை வைக்கும் வழக்கத்தை 2007இல் நிறுத்த முடிவு செய்துவிட்டார்கள். என்றாலும் துவக்கு துவக்குத்தானே. சில தாய்மார் அந்த அறைக்குள் போகவே தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அது அறியாத சிரிப்பு. நாங்கள் சொல்லாமல் விட்டதால் அறியாமல் இருக்கிறார்கள்.

எங்கள் பெயரை அந்தப் பட்டியலில் வைத்தது சரியா பிழையா என்று விவாதிக்கலாம். போர் 2009இல் முடிந்தது. எங்களில் பலர் துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், துவக்கைத் தேடி வந்தவர்கள் அல்ல. எனக்கும் அதில் மனவருத்தம் உண்டு. ஆனால் சட்டம் இருக்கும்வரை தெரிந்து வைத்திருப்பது எங்கள் பொறுப்பு. கழகத்துப் பெயர்ப் பதிவுப் பத்திரத்தில் ஒப்பமிடுவதற்கு முன், பிள்ளையின் குடியுரிமை எது என்று பாருங்கள். ஐயம் இருந்தால் கன்டோன் பொலிஸின் ஆயுதப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பிள்ளை கேட்டால் அனுமதிக்கலாமா? அதை அந்தந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்று மறுக்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மறுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் மறுப்பதென்றாலும் சம்மதிப்பதென்றாலும் ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பார்க்கப் போனால் இலக்கைப் பார்க்காதீர்கள், நடுவரைப் பாருங்கள். ஒரு பெரிய வீரர் பிழை விட்டால் நடுவர் அவரைத் தயங்காமல் வெளியே அனுப்புகிறாரா? புதியவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பாதுகாப்பைச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் சேர்க்கிறார்களா? துவக்கைத் தொடும் இடமும் ரவையைத் தொடும் இடமும் பிரிந்து இருக்கின்றனவா? சுட்டு முடித்தவர்கள் அட்டை ஒட்ட வருகிறார்களா, அல்லது வீரம் பேசிக்கொண்டு நிற்கிறார்களா? இந்த நான்கும் சரியாக இருந்தால் அது விளையாட்டுக் கழகம். ஒன்று பிழைத்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிள்ளையோடு பேசவும் வேண்டும். நாங்கள் ஏன் வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறோம் என்று ஒரு நாள் உட்கார்ந்து சொல்லுங்கள். பதுங்கு குழியைச் சொல்லுங்கள், சந்தியில் நின்ற காவலரணைச் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக அல்ல. அவர்கள் கையில் எடுக்கப் போவது என்ன என்பதை அந்தக் கழகத்தில் வேறு யாராலும் அவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்க முடியாது.

திடலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆபத்தைக் கண்டவர் யாராக இருந்தாலும், பார்வையாளராக வந்த பிள்ளையாக இருந்தாலும், ‘நிறுத்து’ என்று கத்தலாம். கத்தினால் எல்லோரும் நிறுத்துவார்கள். ஏன் கத்தினாய் என்று யாரும் கோபிக்க மாட்டார்கள். பிக் பெயர் பலூனில் தொடங்கி இன்றுவரை இந்த விளையாட்டு சேர்த்து வைத்தவற்றில் விலைமதிப்பானது எது என்று கேட்டால், அந்த ஒரு சொல் என்பேன்.

இந்த உரை பற்றிய உங்கள் கருத்துகளை, உடன்பாடில்லாத கருத்துகளையும் சேர்த்து, வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.